கின்செய் வாசலில் பூப்பறிப்பு

பூக்காரன் லாரி வருவதற்கு முன்பே யோன்ஹி வாசலைக் கழுவி முடித்திருந்தாள். கையில் கட்டம் போட்ட தாள் ஒன்று. இருபத்திரண்டு பூ ஸ்டாண்டுகளும் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எதன் பெயர்ப் பலகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். ஆட்ட யந்திரக் கம்பெனி அனுப்பியது இரண்டாவது. தெருச் சங்கத்தார் அனுப்பியது மூன்றாவது. சலவைக்காரர், தோஃபு கடைக்காரர் எல்லாம் கடைசியில். கதவை ஒட்டிய முதல் இடம் வடகொரியாவோடு தொடர்புள்ள கொரியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு. இரும்புக் குண்டுகளை உருட்டிப் பரிசுக்காக ஆடும் இந்தப் பச்சிங்கோ கூடத்தை அப்பா தொடங்கிய நாளிலிருந்து அதில் மாற்றம் இல்லை.

அன்று அந்த முதல் கட்டத்தை மட்டும் அவள் தாளில் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

விடிகாலை ஐந்து மணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். வடகொரியா ஏவுகணை விட்டிருக்கிறது, மூன்று, ஜப்பான் கடலில் விழுந்திருக்கின்றன. அவள் அரிசியை மறுபடி முதலிலிருந்து களைந்தாள். எத்தனை முறை தண்ணீர் மாற்றினோம் என்பது மறந்து போயிருந்தது. அறுபத்தொரு வயதில் அவளுக்கு அப்படி மறப்பது வழக்கமில்லை.

கூடத்தை மூன்று நாள் மூடி வைத்துப் பழைய யந்திரங்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டியிருந்தார்கள். நேற்றுத்தான் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு யந்திரத்தின் எண்ணையும் சரிபார்த்து அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலை பத்து மணிக்குத் திறப்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நிறுத்த ஐந்நூறு இடத்தோடு ஒரு பெரிய கூடம் வந்த பிறகு, கின்செய் கூடத்தின் இருநூற்று நாற்பது இருக்கைகளில் பாதி காலியாகத்தான் கிடந்தது. அதனால்தான் தம்பி தேசு இருந்ததையெல்லாம் இந்த யந்திரங்களில் போட்டான்.

"மூணு நாள் கூட்டம் வரணும் அக்கா," என்று போன வாரம் சொன்னான். "முதல் மூணு நாள் வந்துட்டா அப்புறம் தானா வரும். வரலைன்னா வருஷக் கடைசியில ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்."

அதை அவன் சோறு தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னான். அவள்தான் தன் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

நகோயாவில் கடை திறப்புக்கு வைக்கும் பூ கடைக்காரனுக்குச் சொந்தமில்லை, தெருவுக்குச் சொந்தம். பூக்காரன் கடைசி ஸ்டாண்டை நிறுத்திவிட்டு நகர்ந்தால் போதும், பையும் கத்தரியுமாக நிற்கிற பெண்கள் பாய்ந்து வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் பூ தீர்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கடை செழிக்கும். மொட்டையான ஸ்டாண்டை யாரும் வாசலில் விட்டு வைப்பதில்லை. பூக்காரனின் ஆள் உடனே தூக்கிப் போய்விடுவான். கின்செய் கூடத்தில் ஒவ்வொரு திறப்புக்கும் பூ தீர எத்தனை நிமிடம் ஆனது என்று யோன்ஹி ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் குறைந்தது பதினொரு நிமிடம். அதிகம் என்றால் இருபத்தாறு, அதுவும் நல்ல மழை நாளில்.

பூக்காரன் எட்டு மணிக்கு நகர்ந்தான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

எதிர்ப்புறம் காய்கறிக் கடை முனையில் பெண்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒன்பது பேர். முன்னால் கனியே, எழுபது வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடமாகக் கின்செய்யில் ஒரே மூலை இருக்கையில் ஆடுகிறவள். எல்லாத் திறப்புக்கும் முதல் பூ அவள் கையில்தான் போகும். இன்று கையில் பை இருந்தது, கத்தரி இருந்தது, கால் மட்டும் நகரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒருத்தியும் தெருவைக் கடக்கவில்லை.

அப்போதுதான் யோன்ஹி அந்தக் கறுப்பு வேனைக் கவனித்தாள். கொரியர்களை வெளியேறச் சொல்லும் ஜப்பானியத் தீவிர தேசியவாதிகளுடையது, மேலே நான்கு ஒலிபெருக்கி. வழக்கமாக இந்த வேன்கள் காது கிழியக் கத்தும். இது வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் நீல உடை அணிந்த ஓர் ஆள் கழுத்தில் கேமராவோடு நின்றுகொண்டு, முதல் ஸ்டாண்டின் பலகையில் இருந்த பெரிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேசு பின்வாசல் வழியாக வந்தான். இந்தத் தெருவில் முதலில் பல்கலைக்கழகம் போன கொரியப் பையன் அவன். அவன் படிக்க வேண்டும் என்பதற்காகவே பதினாலு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ஜெயித்த குண்டுகளுக்குப் பரிசு கொடுக்கும் மேசைக்கு வேலைக்கு வந்தவள் அவள். அவனுடைய பட்டச் சான்றிதழின் நகல் இன்றும் அவள் கைப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆளின் சட்டைக் காலரை இன்றைக்கும் சரிசெய்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள். இன்று அதுகூட மறந்துவிட்டது.

"அக்கா, ரேடியோ கேட்டியா?"

"அரிசி களையும்போது மூணு. இப்ப எத்தனை?"

"அஞ்சு. அந்தப் பலகைய எடுத்துடு."

"எந்தப் பலகை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"அப்பா காலத்துலேர்ந்து முதல் இடம் அவங்களுக்குத்தான்."

"அப்பா காலத்துல அவங்க ராக்கெட் விட்டாங்களா?"

"இப்ப மட்டும் நீயா விட்டே?"

"நான்தான் விட்டேன்னு நாளைக்கு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவான், எதிர்ல நிக்கிறானே அவன். பச்சிங்கோ கூடத்துல உருள்ற ஒவ்வொரு குண்டோட காசும் அங்க ராக்கெட்டாப் போகுதுன்னு எழுதுவான். அக்கா, சொன்னாக் கேளு. ஸ்டாண்டையே தூக்கி உள்ள வெச்சுடலாம்."

"ஒன்பதரைக்கு கிளைத் தலைவர் பெக் ஐயா வருவாரு. 'என் பூ எங்கம்மா'ன்னு கேட்டா, கக்கூஸ் பக்கம் பத்திரமா இருக்குங்கய்யான்னு சொல்லட்டுமா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "தேயோங் பெட்டி யார் கை வழியாப் போகுது? அதைச் சொல்லு."

தேசு ஷட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தேயோங் அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். எழுபத்திரண்டாம் ஆண்டில், இருபத்து மூன்று வயதில், தாய்நாட்டைக் கட்டி எழுப்பப் போகிறேன் என்று நீகாட்டா துறைமுகத்தில் கப்பல் ஏறியவன். இப்போது வடகொரியாவின் ஹம்ஹுங் நகரில் ஒரு ஆலையில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை யோன்ஹி ஒரு பெட்டி கட்டுவாள். இரத்த அழுத்த மாத்திரை, கம்பளிக் காலுறை, மூக்குக் கண்ணாடி, கருவாடு, ஊசி நூல். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பட்டியல் எழுதி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்வாள். கிளைக்காரர்கள் அதை வாங்கிப் போய் நீகாட்டாவில் கப்பலில் ஏற்றுவார்கள். கிளையை அவமதித்தால் பெட்டி போகாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் இருந்ததில்லை.

பலகை நின்றால் தெரு வராது. பலகையை எடுத்தால் தேயோங்குக்கு மாத்திரை போகாது. எட்டரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவள் வாசலுக்கும் பரிசு மேசைக்கும் இடையே பதினேழு முறை நடந்தாள். ஏற்கெனவே நேராக இருந்த சாக்லேட் பெட்டிகளை மறுபடி நேராக்கினாள். டிவியில் ஆறாவது என்றார்கள். பெண்கள் முனையிலேயே நின்றார்கள். இருவர் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஒன்பதே காலுக்கு அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பூ தீர்ந்துபோன ஸ்டாண்டை எடுத்துவிடுவதுதானே வழக்கம். முதல் ஸ்டாண்டின் பூ தீர்ந்துவிட்டால் பலகையோடு சேர்த்துத் தூக்கிவிடலாம். யாருக்கும் அவமானம் இல்லை. பெக் ஐயா வந்தால், "உங்க பூதான் ஐயா முதல்ல தீர்ந்துச்சு" என்று சொல்லலாம். அவருக்கும் பெருமை.

பறிக்கத்தான் ஆள் இல்லை.

காலி சிகரெட் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் இருந்த சந்தில் புகுந்து, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பின்பக்கத்திலிருந்து பறிக்கத் தொடங்கினாள். லில்லி, சாமந்தி, கார்னேஷன். காம்பைக் கையால் ஒடித்தாள், கத்தரி எடுத்தால் சத்தம் கேட்கும் என்று. தன் கடைப் பூவைத் தானே பறிப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் வேகமாகப் பறித்தாள்.

"அடிப்பாவி!"

தெரு முழுவதும் கேட்கிற குரல். முப்பது வருடம் பஸ்ஸில் நிறுத்தம் கூவிய தொண்டை அது. கனியே தெருவின் நடுவில் வந்துகொண்டிருந்தாள், வலதும் பார்க்கவில்லை இடதும் பார்க்கவில்லை.

"கடைக்காரியே பறிக்கிறாளே! ஏம்மா யானாகாவா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சொந்தப் பூவைச் சொந்தக் கையால பறிச்சா கடை விளங்குமா? அதுவும் என் லில்லிய!"

யானாகாவா என்பது வெளியில் புழங்குவதற்காக யோன்ஹியின் குடும்பம் வைத்துக்கொண்டிருந்த ஜப்பானியப் பெயர்.

"யாரும் வரல கனியே சான். ஒரு மணி நேரமா யாரும் வரல."

"வராம? வரத்தான் நின்னோம். அந்த ஆள் கேமராவோட நிக்கிறான். என் படம் எங்கயாவது வந்துச்சுன்னா என் மருமக ஒரு வாரம் பேசுவா. கொஞ்ச நேரத்துல போயிடுவான்னு நின்னோம். அதுக்குள்ள இப்படியா? கால் வலிக்க நின்னவ நான், கைய நீட்டினவ நீயா?"

பேசிக்கொண்டே அவள் அட்டைப்பெட்டியிலிருந்த லில்லிகளை எடுத்துத் தன் பையில் திணித்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள், சண்டையைப் பார்க்க வந்தவர்கள் பாதி, கனியே முந்திக்கொண்டாளே என்று ஓடி வந்தவர்கள் மீதி. நீல உடைக்காரன் கேமராவைத் தூக்கினான். கனியே திரும்பினாள்.

"எடுப்பா, எடு. இது நல்ல பக்கம். அந்தப் பக்கம் எடுத்தா பல் இல்லாதது தெரியும்."

யாரோ சிரித்தார்கள். யோன்ஹிக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்திலும் கோட்டு அணிந்து, கிளைத் தலைவர் பெக் நின்றுகொண்டிருந்தார். பழைய இரும்பு வியாபாரி. எழுபத்தைந்து வயது. அவர் பார்வை அவள் கையில் இருந்த சாமந்திக் கொத்தில் இருந்தது.

"யோன்ஹி, அது என் பூவா?"

"ஆமாங்கய்யா."

"நீயேவா பறிச்சே?"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து தேசு ஓடி வந்தான். "ஐயா, நான்தான் அக்காகிட்ட..." என்று தொடங்கினான்.

"நீ சும்மா இருப்பா." பெக் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தார். மேல் தட்டில் மிச்சம் இருந்த நான்கைந்து பூவையும் பறித்துப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, பலகையின் நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஐயா, நீங்க எதுக்கு..."

"என் பேத்திய இன்னிக்கு டிராக் சூட் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பிச்சேன். எங்க கொரியப் பள்ளிக்கூடத்துச் சீருடையோட ரயில்ல போனா எவனாவது பாவாடைய கிழிப்பான். முன்னாடி கிழிச்சிருக்காங்க. பிள்ளைக்கே உடுப்ப மாத்திட்டேன், பலகை எம்மாத்திரம்." திருகாணிகளைக் கோட்டுப் பையில் போட்டார். "நீ ஒரு போன் பண்ணியிருந்தா நானே அனுப்பாம இருந்திருப்பேன் யோன்ஹி. நீ கேக்கல. பறிச்சே."

முகத்தில் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. நாற்பத்தேழு வருடத்தில் அவள் கைபட்ட ஒரு காரியம் தப்பாகப் போனதாக யாரும் சொன்னதில்லை.

பலகையை எழுத்து உள்பக்கம் இருக்கும்படி வைத்து அவர் சைக்கிளில் கட்டினார். அவள் அருகில் போய் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, தம்பியோட பெட்டி? அடுத்த கப்பலுக்குக் கட்டி வெச்சிருக்கேன்."

"உன்கிட்டயே இருக்கட்டும். கப்பல் நீகாட்டா வாசல்ல நிக்குது. உள்ள விடமாட்டாங்களாம். ஆறு மாசம்னு பேசிக்கிறாங்க."

"ஆறு மாசமா?"

"முதல்ல ஆறு மாசம்பாங்க," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை.

பத்து மணிக்குத் தேசு கதவைத் திறந்தான். வாசலில் பூ ஏதும் மிச்சமில்லை. வரிசையில் நாற்பத்து மூன்று பேர். போன திறப்புக்கு இருநூறுக்கு மேல். வேன் மதியம் வரை நின்றது. அது போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வந்தார்கள். வருகிறவர்கள் வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். நான்கு மணிக்கு யோன்ஹி இருக்கைகளை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

"பாதி," என்றாள் தம்பியிடம்.

"பாதிக்கு ரெண்டு கம்மி."

"எனக்குத் தெரியும். நீ சாப்பிட்டியா?"

"நாளைக்கும் ஒரு அஞ்சாறு விட்டாங்கன்னா நம்ம கதி என்னக்கா?"

அவள் கையை நீட்டி அவன் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மாலை ஐந்தரைக்கு மேல், பரிசு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த டிவியில் கீழே எழுத்து ஓடியது. ஏழாவது. கூடத்தின் இரைச்சலில் அதை யாரும் கேட்க முடியாது, பார்க்கத்தான் முடியும். முதல் வரிசையில் ஒருவன் எழுந்தான். யோன்ஹி எண்ணத் தொடங்கினாள். அவன் பின்னால் இன்னும் இருவர். மூன்று பேரும் தட்டில் மிச்சம் இருந்த குண்டுகளைக்கூட ஆடித் தீர்க்காமல் வெளியே போனார்கள். நான்காவதாக மூலையிலிருந்து எழுந்தது கனியே. அவள் போனால் காய்கறிக் கடை முனை மொத்தமும் போகும்.

கனியே வாசல் பக்கம் போகவில்லை. குண்டு எண்ணும் யந்திரம் கொடுத்த சீட்டோடு பரிசு மேசைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், சிமெண்டுத் தூசி படிந்த வேலையுடையோடு முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் சீட்டுடன் வந்து நின்றான்.

"காலையில அந்தப் பெரியவர்கிட்ட ஏதோ பெட்டின்னு கேட்டியே," என்றாள் கனியே. குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்கு வராது. "யாருக்கு?"

"தம்பிக்கு."

"தேசுவுக்கா? அவன்தான் இங்க இருக்கானே."

யோன்ஹி பரிசுகளை எடுத்து வைத்தாள். ஆறு பெரியது, ஒன்று சிறியது, மிச்சக் குண்டுகளுக்கு ஒரு சாக்லேட். எல்லாவற்றின் முகமும் ஒரே பக்கம் பார்த்தது. பின்னால் நின்ற ஆள் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாக இந்த மேசையில் கனியேவிடம் வெயில், மழை, மருமகள், முழங்கால் வலி எல்லாம் பேசியிருக்கிறாள். இதை மட்டும் பேசியதில்லை. "சொந்தக்காரங்களுக்கு" என்று சொன்னால் போதும், கனியே விட்டுவிடுவாள்.

"இன்னொருத்தன் இருக்கான். தேயோங்னு பேரு. முப்பத்து நாலு வருஷமா அங்க."

"அங்கன்னா?"

டிவியில் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏவுகணை கிளம்பிய இடங்களுக்கு இரண்டு சிவப்புப் புள்ளி.

"அதோ," என்று யோன்ஹி விரலை நீட்டினாள். "அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல."

கனியே திரும்பிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். படம் மாறி விளம்பரம் வந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு கிடைக்குதாமா அவனுக்கு?"

"தெரியல."

"ம்." பரிசுகளைப் பையில் போட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்துக்கு."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பின்னால் நின்ற ஆள் அப்படியே நின்றிருந்தான். அவன் முகத்தில் இருப்பது கோபமா, களைப்பா, ஒன்றுமே இல்லையா என்று யோன்ஹியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் இரண்டு கையையும் மேசை மேல் வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு, எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அடுத்தவங்க வாங்க."